களத்தில் இரண்டு கோடு

அந்தச் சனிக்கிழமை காலை பட்டறைக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அருள்பிரகாசம். அவர் மனைவி அடைக்கலமேரி. அவர்களுடைய ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் ஆரோக்கிய ஷீலா. மருமகன் ஃபெலிக்ஸ், கொட்டகை அவருடையது. ஃபெலிக்ஸோடு சேர்ந்து வேலை பார்க்கும் மெக்கானிக் மாயக்கண்ணன். வேறு யாரும் அங்கே இல்லை. தானும் கூடவே நின்றதாகச் சொல்லிக்கொண்டு திரிகிற சிலர் காரைக்குடி செக்காலைப் பக்கம் உண்டு. அவர்கள் அன்று அந்தத் தெருவில்கூட இல்லை. அருள்பிரகாசத்தின் தம்பி மகன் ஜோசப் ராஜ் சிங்கம்புணரியிலிருந்து வந்து இறங்கியது வெயில் நன்றாக ஏறிய பிறகுதான்.

வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி அந்தக் கொட்டகை. நடுவில் நீள மூக்குப் பழைய கார் ஒன்று பின்பக்கம் தூக்கப்பட்டு மரக்கட்டைகளின் மேல் நின்றது. அருள்பிரகாசம் வேலையில் இருந்த காலத்தில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் எடுத்து, மகள் கல்யாணத்தில் சீராகக் கொடுத்த கார். அதை மகளும் மருமகனும் பந்தயக் காராக்குவார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. வளைவு நெளிவு இல்லாத நேர்த் தடத்தில் இரண்டு கார்கள் ஒரே சமயத்தில் கிளம்பி, எது முதலில் போய்ச் சேருகிறது என்று பார்க்கிற பந்தயம். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். "இதுக்கா இம்புட்டுப் பெட்ரோலச் செலவழிக்கிறீக?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பாதவர் அவர்.

இப்போது கழற்றிப் போட்டிருந்தது காரின் பின் அச்சில் இருக்கும் டிஃப்ரன்சியல் கூடு. அதற்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கப் பெயர் உண்டு. எல்.எஸ்.டி. அதே பெயரில் ஒரு போதைச் சரக்கு இருப்பதைப் பேப்பரில் படித்த நாளிலிருந்து, அந்த மூன்றெழுத்தைத் தன் வீட்டு வளவுக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அருள்பிரகாசம் உத்தரவு போட்டிருந்தார். ஆகவே எல்லோருக்கும் அது 'கூடு'தான்.

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃப்ரன்சியலின் வேலை. ஆனால் சாதாரண டிஃப்ரன்சியலில் ஒரு சக்கரம் வழுக்கிவிட்டால் எஞ்சினின் பலம் முழுக்க அந்த வழுக்குகிற சக்கரத்துக்கே போய்ச் சேரும். மற்றது சும்மா நிற்கும். அதனால் பந்தயக் காரின் கூட்டுக்குள் இரண்டு பக்கமும் வட்டத் தகடுகளை அடுக்கி இறுக்குகிறார்கள். வெறும் எஃகுத் தகடு ஒன்று, பழுப்பு உறை ஒட்டிய தகடு ஒன்று, மறுபடி எஃகு, மறுபடி உறை. ஒன்றை ஒன்று அவை கவ்விக்கொள்வதால் இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளும். உறை தேய்ந்துபோனால் கவ்வுவதும் விடுவதுமாக இருக்கும். கார் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும்.

போன பந்தயத்தில் அப்படித்தான் இழுத்தது. ஷீலா ஓட்டிய கார் கிளம்பிய வேகத்தில் கோணிக்கொண்டு போய், ஓரத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பின் மேல் ஏறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படம் எல்லோர் செல்போனுக்கும் வந்து சேர்ந்ததுதான் வினை. சிங்கம்புணரியில், பிள்ளைக்கு முதல் நற்கருணை கொடுத்த ஒரு புதுநன்மை விருந்தில், நாலு ஊர்ப் பங்காளிகள் உட்கார்ந்திருந்த பந்தியில், ஜோசப் ராஜ் இலைக்கு மேல் குனிந்தபடியே சொன்னான்: "பொம்பளப் பிள்ள கையில ஸ்டியரிங்கக் குடுத்தா கோணத்தான செய்யும்."

அருள்பிரகாசம் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"கோணுனது கூடு. எம் மக கை இல்ல. அடுத்த சனிக்கிழமை காரைக்குடிக்கு வா. கூட்டப் பிரிச்சுப் புதுத் தகடு போட்டு, உன் முன்னாடியே ஓட்டச் சொல்றேன். தரையில விழுகுற டயர்க் கோட்ட உன் கண்ணால பாரு."

ஒரு பந்தயத்தையும் பார்த்திராதவர் பந்தியில் கொடுத்த வாக்கு இது. இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அது நிறைவேறியாக வேண்டும்.

"அத்தை," என்றார் ஃபெலிக்ஸ், கொட்டகையின் மூலையைப் பார்த்தபடி. "இங்கன ஒரு குண்டான் இருந்துச்சே. புதுத் தகட எண்ணெய்க்குள்ள ஊறப்போட்டிருந்தேன்."

"அது என் பணியார மாவுக் குண்டான். வெளக்கி உள்ள வச்சுட்டேன்," என்றாள் அடைக்கலமேரி.

"தகடு?"

"அதையுந்தான் வெளக்குனேன்."

மாயக்கண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"எத வச்சு வெளக்குனீக?" ஃபெலிக்ஸின் குரல் இறங்கிவிட்டது.

"கம்பி நாரு வச்சுத்தான். பாதித் தட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பாதித் தட்டு அடிப்பிடிச்சுப் போய்க் கெடந்துச்சுங்க மாப்ள. பணியாரக் கல்லுல மாவு தீஞ்சா ஒட்டிக்கிருமே, அதே மாதிரி பழுப்பா. லேசுல வரல. எந் தோளே கழண்டுபோச்சு. முக்காவாசி எடுத்துட்டேன்."

உள்ளே போய் ஒரு தாம்பாளத்தில் அடுக்கி எடுத்து வந்தாள். கல்யாண வீட்டுக்கு எடுத்து வைத்த சாமான் மாதிரி தகடுகள் மின்னின. கப்பலில் வந்த தகடுகள். உறைதான் அவற்றின் உயிர்.

ஷீலா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

"சிரிப்பு வேற," என்றார் அருள்பிரகாசம். மனைவி பக்கம் திரும்பினார். "இதத் தொடச் சொல்லி உன்னைய யாரு கேட்டா?"

"நீங்கதான். ஜோசப்பு வாரான், பின்கட்டுல ஒரு எண்ணெய்ச் சட்டி கண்ணுல படக்கூடாதுன்னு நேத்து மூணு தரம் சொன்னீகளா இல்லையா?"

"சமையக்கட்டு எண்ணெய்ச் சட்டியச் சொன்னேன்."

"நாத்தம் புடிச்சுக் கெடந்தது இது ஒண்ணுதான். நீங்க சொல்லும்போது பிரிச்சுச் சொல்லணும்."

"அந்த எண்ணெய எங்கத்தை ஊத்துனீக?" என்று கேட்டார் ஃபெலிக்ஸ்.

"வாழை மூட்டுல."

"வாழையும் போச்சு," என்றார் மாயக்கண்ணன்.

அருள்பிரகாசம் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். திரும்ப எடுத்து உதறினார். சாலை போடுகிற காலத்தில், தார் கொதித்து இறக்கிய பிறகு ரோலர் வராமல் போனால் அவர் இப்படித்தான் செய்வார். "இப்ப என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க."

"புதுசு வர ஒரு மாசம் ஆகும் மாமா," என்றார் ஃபெலிக்ஸ். கொஞ்சம் தயங்கினார். "ஒரு வழி இருக்கு. கூட்டுக்குள்ள இருக்க பல்சக்கரத்த எல்லாம் ஒண்ணாச் சேத்து வெல்டு அடிச்சிரலாம். தகடே வேணாம். ரெண்டு வீலும் ஒண்ணாத்தான் சுத்தும், வேற வழியே இல்ல அதுக்கு. ஒரு மணி நேர வேலை."

"ஒட்டுப்போட்டு ஓட்டுனதா ஆயிரும்," என்றார் அருள்பிரகாசம்.

"கூட்டுக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறாக?"

"ஜோசப்பு கேப்பான். கேட்டா நான் ஆமாம்னுதான் சொல்லுவேன். அப்பறம் நான் எதுக்குப் பந்தியில வாயத் தொறந்தேன்?"

"அப்பா, பழைய தகடு இருக்குல்ல," என்றாள் ஷீலா. "அதுல தேயாததா எடுத்து, அம்மா கையில தப்புனதோட கலந்து போடலாம். கனம் குறையிற எடத்துல மெல்லிசா ஷிம் தகடு வச்சு இறுக்கிக்கிரலாம்."

"ஆமா, பழசு ஒரு டப்பாவுல போட்டு வச்சேன்," என்ற ஃபெலிக்ஸ் பேச்சை நிறுத்தினார். எல்லோரும் அடைக்கலமேரியைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன் பாக்குறீக? மாடியில இருக்கு. வத்தல் துணி காத்துல பறக்குதுன்னு சுத்தி வச்சேன். நல்ல கனம்."

வேறு யாரையும் அனுப்பாமல் அருள்பிரகாசமே மாடி ஏறினார். கூழ்வத்தல் பிழிந்த வேட்டித்துணியின் ஓரமெல்லாம் எஃகு வளையங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முதல் வளையத்தைத் தொட்டதும் விரல் பொரிந்தது. கத்திரி வெயில். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு வளையம் எடுத்தால் துணி அந்த ஓரத்தில் எழும்பியது. உடைந்த செங்கல் தேடி வைக்க வேண்டியிருந்தது. வத்தல் பாழானால் அதற்கும் பேச்சுக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு முன்கைகளிலும் துண்டுக்கு மேல் கோத்துக்கொண்டு, நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, படியில் வந்துகொண்டிருக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

"என்ன பெரியப்பா," என்றான் ஜோசப் ராஜ். "வளையல் யாவாரமா?"

ஜோசப் ராஜ் சிங்கம்புணரியில் நெல் அறுக்கும் இயந்திரம் வாடகைக்கு விடுகிறவன். எந்த இயந்திரத்தைப் பற்றியும் அவனிடம் ஒரு சொல் இருக்கும். கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். மாயக்கண்ணன் பழைய தகடுகளைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, ஃபெலிக்ஸ் ஒவ்வொன்றின் கனத்தையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தார். வளைந்ததைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் ஆடிக் காட்டிக்கொடுத்தது. அதைத் தூரப் போட்டார்கள். உறை மினுங்கலாகிப் போனது இன்னொரு குவியல். கடைசியில் மிஞ்சியவற்றைப் புது எண்ணெயில் முக்கி எடுத்து, எஃகு ஒன்று உறை ஒன்று என்று மாற்றி மாற்றிக் கூட்டுக்குள் இறக்கினார்கள்.

"ராவெல்லாம் ஊறுனாத்தான் நல்லதுன்னு கேள்விப்பட்டேன்," என்றான் ஜோசப் ராஜ்.

"ராவெல்லாம் ஊறுனதுதான்," என்றார் ஃபெலிக்ஸ். அடுத்த தகட்டைக் கூட்டுக்குள் இறக்கினார்.

மூடியைப் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கி, கூட்டின் ஒரு பக்கத்தை மேசையிலிருந்த இரும்புப் பிடியில் நெரித்து, மறுபக்கத்தை டார்க் ரெஞ்சால் திருப்பினார்கள். எவ்வளவு பலத்தில் நழுவ ஆரம்பிக்கிறது என்று முள் காட்டும். முள் அசைவதற்கு முன்பே வெண்ணெய் மாதிரி நழுவியது.

"லூசு," என்றார் மாயக்கண்ணன். "பிரிக்கணும்."

"மறுபடியுமா?" என்றார் அருள்பிரகாசம்.

"ஷிம் இன்னொண்ணு வைக்கணுங்கய்யா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க மேல நின்னு மூச்சு விடுறதுல எனக்குக் கை ஓடல."

பிரித்தார்கள். ஷிம் வைத்தார்கள். இந்தத் தரம் இரண்டு பேர் தொங்கியும் ரெஞ்சு அசையவில்லை. மறுபடி பிரித்தார்கள். அருள்பிரகாசம் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் மாயக்கண்ணன் தரையில் குனிந்து ஷிம் தகட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நகக்கனம்கூட இல்லாத அது எண்ணெயோடு எங்கோ ஒட்டிக்கொண்டுவிட்டது. தேடித் தேடிக் கடைசியில் ஜோசப் ராஜின் செருப்படியிலிருந்து எடுத்தார்கள்.

"நான் என்ன வேணுமுன்னா மிதிச்சேன்?"

"நீ நாக்காலிய விட்டு எந்திரிக்காம இருந்தியானா எதையும் மிதிக்கப் போறதில்ல," என்றார் பெரியப்பா.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள் அடைக்கலமேரி. கறிக்குழம்பும் வெள்ளைப் பணியாரமும். கறி பதமாக வெந்து, குழம்பில் எண்ணெய் விளிம்பு கட்டியிருந்தது. ஜோசப் ராஜ் பணியாரத்தைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தான். மென்றான். நிறுத்தினான்.

"பெரியம்மா, பணியாரத்துல ஏதோ பட்டறை வாசம் வருதே."

"புளி போட்டு ரெண்டு தரம் வெளக்குனேன்டா அந்தக் குண்டான," என்றாள் அவள், நெற்றியில் கை வைத்து.

ஃபெலிக்ஸும் ஷீலாவும் இலையை விட்டுத் தலை தூக்கவில்லை. அருள்பிரகாசம் பணியாரத்தை எடுத்துத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார்.

வெயில் சாயும்போது முள் சரியான இடத்தில் நின்று, அதற்குப் பிறகு நழுவியது. "இதுதான்," என்றார் ஃபெலிக்ஸ். கூட்டை ஏற்றி, அச்சைக் கோத்து, சக்கரம் மாட்டி இறக்கியபோது குன்றக்குடிப் பக்கம் வானம் கருத்திருந்தது. கோடை மழை. நனைந்த தரையில் கோடும் விழாது, ஒன்றும் விழாது.

"நம்ம ரோட்டுலயே ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துருவோமா மாமா? ஆள் நடமாட்டம் இல்ல."

"நான் போட்ட ரோட்டுல நானே கரி பூசவா? அரியக்குடிக்கு விடுங்க."

அரியக்குடியில் அவருக்குத் தெரிந்த பெத்தன் என்பவருக்கு ஓடாமல் கிடக்கும் அரிசி மில் ஒன்று இருந்தது. நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களம், கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமாக. பெத்தன் கதவைத் திறந்துவிட்டு, "களத்தக் கெடுத்துராதீகய்யா," என்று ஒரு தரம் சொல்லி ஓரமாக நின்றார். அருள்பிரகாசம் தன் பழைய சாமான் பையிலிருந்து நூல்கண்டும் இரண்டு ஆணியும் எடுத்தார். சாலைக்கு ஓரம் பிடிக்கிற நூல் அது.

ஷீலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். எஞ்சின் உறுமியது. பின்டயர்கள் நின்ற இடத்திலேயே சுழன்று வெள்ளைப் புகை கிளம்பியது. ரப்பர் கருகும் நாற்றம். பிறகு கார் அங்கே இல்லை; களத்தின் மறுகோடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் மேலே சுற்றின.

புகை கலைந்ததும் தரையில் இரண்டு கோடு. இடது, வலது, இரண்டும் ஒரே கறுப்பு. ஒன்று அழுத்தமாகவும் ஒன்று மங்கலாகவும் இல்லை.

"கூடு புடிச்சிருச்சு," என்றார் மாயக்கண்ணன்.

அருள்பிரகாசம் இடது கோட்டின் தொடக்கத்தில், சிமெண்டு வெடிப்பு ஒன்றில், ஒரு ஆணியை அறைந்தார். நூலைப் பிரித்துக்கொண்டே நடந்து, முடிவில் இன்னொன்றை அறைந்தார். விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டு நூலோரமாகவே திரும்பி வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

ஜோசப் ராஜும் வந்து பார்த்தான். "கோணிருக்கு பெரியப்பா."

நூலை விட்டு இடப்பக்கம் விலகியிருந்தது கோடு. போகப் போகத் திரும்பவும் நூலோடு வந்து சேர்ந்திருந்தது. அருள்பிரகாசம் முழங்காலை ஊன்றிக் குனிந்து, விலகின இடத்தில் கையை விரித்து வைத்தார்.

"ஒரு சாண்," என்றார்.

"கூட்டத்தான் சரி பண்ணியாச்சே. அப்ப இது எதுனால கோணுச்சாம்?"

காலையிலிருந்து பட்ட பாடு எல்லாம் இந்த ஒரு சாணில் வந்து நின்றது. எழுந்திருக்காமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷீலா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்து வந்தாள். தலைமுடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. "ரெண்டு சக்கரமும் சேந்து வழுக்குனா வண்டியோட வால் ஒரு பக்கம் போகத்தான் செய்யும்ணே. கூடு நல்லா இருந்தா இன்னும் ஜாஸ்தியாப் போகும். போச்சு. ஸ்டியரிங்க இழுத்து நேராக்கிக் கொண்டாந்தேன்."

"அன்னிக்கு?" என்றான் ஜோசப் ராஜ்.

"அன்னிக்கும் போச்சு. பதறிப்போய் ஜாஸ்தியா இழுத்துட்டேன். அந்தக் கூம்பு மேல ஏறுச்சு. கூடு தேஞ்சிருந்ததும் நெசம், எங் கை தப்புனதும் நெசம்."

அருள்பிரகாசம் எழுந்தார். முழங்காலில் சிமெண்டுத் தூசி. "இத அப்பவே சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?"

"நீங்க கேட்டீகளாப்பா? கூடு கூடுன்னு பந்தியில நீங்களாச் சொல்லிட்டு, பாதிச் சோத்துல எந்திரிச்சு வந்துட்டீக. அப்பறம் நான் என்னத்தச் சொல்ல? காலையிலருந்து ஓடி ஓடித் தகடு பெறக்குறீக. வாயே வரல எனக்கு."

"வெல்டு அடிச்சிருந்தா மதியமே முடிஞ்சிருக்கும்," என்றார் ஃபெலிக்ஸ், பொதுவாக.

"மாப்ள, நீங்க சும்மா இருங்க."

துண்டை எடுத்து உதறினார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு ஜோசப் ராஜ் பக்கம் திரும்பினார். முதுகு வழக்கம்போல நிமிர்ந்திருந்தது.

"கேட்டுக்கிட்டியா? கை தப்புனத எம் மகளே சொல்லிட்டா. அத நீ இனிமே ஊருக்குச் சொல்ல வேண்டியதில்ல. இன்னிக்கு விழுந்த கோட்டுக்கு மட்டும் பதில் சொல்லு. முழுசாப் பாத்துட்டுச் சொல்லு."

ஜோசப் ராஜ் நூலோரமாகக் கடைசி ஆணி வரைக்கும் போனான். அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"வந்து சேந்துருக்கு," என்றான் அங்கிருந்தே.

"சத்தமாச் சொல்லு. பெத்தன் காதுல விழுகல."

"கோடு நூல்ல வந்து சேந்துருக்கு பெரியப்பா."

"அம்புட்டுத்தான்." அருள்பிரகாசம் நூலைச் சுற்ற ஆரம்பித்தார். மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் மில் தாழ்வாரத்துக்கு ஓட, அவர் ஓடவில்லை. சிக்கு விழாமல் சுற்றி முடித்து, ஆணிகளைப் பிடுங்கித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வந்தார். தாழ்வாரத்தில் மகள் பக்கத்தில் நின்று துண்டால் தலையைத் துவட்டினார். வீடு திரும்பும்போது காரில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இடப்பக்கம் போகும்னு தெரியுமில்ல, முன்னாலயே கொஞ்சம் புடிச்சு வைக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

"புடிச்சா வலப்பக்கம் போகும்ப்பா."

"என்ன எழவு வண்டியோ," என்றார்.

அந்த மாதக் கடைசியில் கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்த பந்தயத்துக்கு அவரும் போனார். ஷீலா தன் பிரிவில் இரண்டாவதாக வந்தாள். கார் கோணியது, திரும்பி வந்தது, கூம்பு எதுவும் விழவில்லை. அந்தப் படமும் எல்லோர் செல்போனுக்கும் போனது.

அன்று ஹெல்மெட்டுக்குள் இருந்தது ஷீலா இல்லை, ஃபெலிக்ஸ்தான் என்று சிங்கம்புணரியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். ஃபெலிக்ஸ் அப்போது தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம், அருள்பிரகாசத்துக்கு இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஓட்டியது ஆரோக்கிய ஷீலா.